நாலாவது வளைவுக்கு ஒரு கேம்

அந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாகப் பெரிய சண்டை எதுவும் வரவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம், கல்யாணமான முதல் மாதமே புருஷனும் பெண்டாட்டியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்தான். என்ஜின் அவருடையது. ஸ்டியரிங் அவளுடையது. அவர் கட்டுகிற என்ஜினைப் பற்றி அவள் வாய் திறக்கக் கூடாது. அவள் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் மூச்சு விடக் கூடாது.

ஒப்பந்தம் சும்மா வரவில்லை. கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல, முதலில் உங்கள் கார்பரேட்டரைச் சரி பண்ணுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல, மூன்று நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நாலாவது நாள் இரண்டு பேரும் பசியோடு உட்கார்ந்து பேசி முடித்ததுதான் அது. அன்றிலிருந்து அந்தப் பேச்சே கிடையாது. பார்க்கிறவர்கள் எல்லாம், அடடா, இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று மெச்சுவார்கள். மெச்சுகிறவர்களுக்கு என்ன போச்சு?

அவருக்கு என்ஜின் கட்டுவது தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகைதான் பட்டறை. ஊரில் எல்லோரும் என்ஜின்காரர் என்றுதான் சொல்வார்கள். அவளுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை. நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோகிற மாதிரி நிதானமாகப் போவாள். டிரைவரம்மா என்று சொன்னால் பிள்ளைகள் மட்டுமல்ல, பிள்ளைகளைப் பெற்றவர்களும் எழுந்து நிற்பார்கள். அதே பெண் வருஷத்துக்கு ஒரு முறை மலைப்பாதைப் பந்தயத்தில் ஏறி உட்கார்ந்தால் வேறு ஆள். அடிவாரத்திலிருந்து உச்சி வரை பதினோரு வளைவு. ஒவ்வொரு வண்டியாக ஏற வேண்டும். யாருக்குக் குறைந்த நேரமோ அவர்களுக்குக் கோப்பை. நாலு கோப்பை வீட்டில் இருக்கிறது. ஒன்றில் அவர் நட்டு போல்ட் போட்டு வைத்திருக்கிறார், அதற்கு மட்டும் அவள் ஒன்றும் சொல்வதில்லை.

போன வருஷம் நாலாவது வளைவில் வண்டி உருண்டுவிட்டது.

அவர் எப்போதும் போல அடிவாரத்தில்தான் நின்றிருந்தார். அங்கிருந்து வண்டி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். சத்தத்தை வைத்தே அவர் கூடவே ஏறுவார். முதல் வளைவு, இரண்டு, மூன்று என்று உதடு எண்ணும். அன்றைக்கு மூன்றுக்கு அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவுதான். இடித்த சத்தம், உருண்ட சத்தம் எதுவும் அடிவாரத்துக்கு வரவில்லை. என்ஜின் சத்தம் நின்றது, குருவிகள் கத்துவது கேட்டது. மனுஷன் அங்கிருந்து நாலாவது வளைவு வரை செருப்பில்லாமல் ஓடியிருக்கிறார். செருப்பு எங்கே போனது என்று இன்று வரை அவருக்குத் தெரியாது.

அவளுக்கு இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். எட்டு மாதம் படுக்கை, நடைக்கோல், சுவரைப் பிடித்து நடப்பது. வெளியூரில் படிக்கிற மகள் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு, "இனிமே மலை ஏறினீங்கன்னா எனக்கு ஏறும்போது சொல்லாதீங்க, இறங்கின பிறகு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பதாவது மாதம் டிரைவரம்மா மறுபடி பஸ் ஓட்டப் போனாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டீயை ஆற்றிக்கொண்டே, "ஏங்க, இந்த வருஷத்துக்கு எனக்கு ஒரு என்ஜின் கட்டுங்க" என்றாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"உக்காந்து ஓட்டறதுக்கு ஒண்ணும் இல்லைன்னாரு."

"மலையில ஓட்டறதுக்கு?"

"அது கேக்கல." டீயைக் குடித்தாள். "டர்போ கட்டுங்க. எல்லாரும் டர்போவுக்குப் போயிட்டாங்க. நாம மட்டும் பழைய சங்கதியையே ஓட்டிக்கிட்டிருந்தா எப்படி?"

என்ஜின் பற்றி அவள் இதற்குமேல் பேசினால் ஒப்பந்த மீறல். ஓட்டாதே என்று அவர் சொன்னாலும் ஒப்பந்த மீறல். ஆகவே சரி என்றார்.

டர்போ அவருக்குப் புதுசு. இருபத்தைந்து வருஷமாக அவர் கட்டியதெல்லாம் தானே மூச்சு இழுக்கிற சாதா என்ஜின்கள். டர்போ என்பது வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சின்னக் காத்தாடியைச் சுற்றவிட்டு, அதைக் கொண்டு காற்றை என்ஜினுக்குள் திணிக்கிற சங்கதி. ஒரு குடும்பக் காரிலிருந்து கழற்றிய என்ஜினை வாங்கிவந்து, பிளாக்கைத் துளைத்து, பிஸ்டன் மாற்றி, மழைக்காலம் முழுக்க தகரத்தில் தடதடவென்று மழை விழ விழ உட்கார்ந்து கட்டினார். அதில் கடைசியாக வந்து நின்றது கேம்.

கேம் என்பது ஒரு நீளத் தண்டு, இந்த என்ஜினுக்கு அது ஜோடியாக வேண்டும். அதில் முட்டை வடிவத்தில் வரிசையாக மேடுகள் இருக்கும். தண்டு சுற்றச் சுற்ற அந்த மேடுகள் வால்வுகளை அமுக்கித் திறக்கும். மேடு பெரிதாக, அகலமாக இருந்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். அப்படிப்பட்ட என்ஜின் குறைந்த சுற்றில் தூங்கும், சுற்று ஏறினால் வெறி பிடித்து ஓடும். மேடு சின்னதாக இருந்தால் வீட்டுப் பசு மாதிரி சாதுவாக இருக்கும். என்ஜின்காரருக்குத் தெரிந்த வேதம் அதுதான். வேகம் வேண்டுமா, பெரிய கேம். வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டுமா, சின்ன கேம்.

கேம் சாணை பிடிக்கிறவன் அவளுடைய தம்பி. இரண்டு தெரு தள்ளி அவன் பட்டறை. அவனைச் சாணை என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். வாயும் சாணைதான், எந்த நேரமும் பொறி பறக்கும். அவனிடம் பழக்கதோஷத்தில் முதலில் ஒரு ஜோடி பெரிய கேம்தான் சொல்லி வாங்கினார். டப்பாவும் வந்துவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம் தெருமுனையில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்குவதைப் பார்த்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, நல்ல காலை முதலில் ஊன்றி, அப்புறம் மற்றக் காலை இறக்கினாள். பிள்ளைகள் முன்னால் அப்படி இறங்க மாட்டாள், எல்லோரும் போன பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இறங்கினாள். அவர் அங்கேயே திரும்பி நேராகச் சாணையிடம் போனார்.

"இன்னொரு ஜோடி வேணும். சின்னதா."

சாணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "எவ்ளோ சின்னதா மாமா?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ. அக்காகிட்ட சொல்லாதே."

"யாருக்கு வண்டி? அக்காவுக்குத்தானே?"

"ஆமா."

"அப்ப அக்காகிட்ட சொல்லாம எப்படி..."

"கேட்டதைச் செய்யேன்டா."

"மாமா, டர்போ வண்டிக்கு ஒரு விஷயம் இருக்கு..."

"எனக்கு நீ என்ஜின் சொல்லிக் கொடுக்காதே. நீ உன் சாணையைப் பிடி."

"சரி சாமி" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டான். சொல்ல வந்ததைச் சொல்லவிட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் யார் யாரைப் பேசவிட்டார்கள்?

சின்ன கேமைப் பூட்டினார். பெரிய ஜோடியை எண்ணெய் துடைக்கிற துணிக்கு அடியில், அலமாரியின் கடைசித் தட்டில் ஒளித்து வைத்தார். அவள் கேட்கப் போவதில்லை என்று தெரியும், ஆனாலும் ஒளித்தார். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கும்போது, கோபப்படாதேம்மா, கோப்பை எல்லாம் நிறைய இருக்கு, மெதுவாப் போய் மெதுவா வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு என்ஜினை வேண்டுமென்றே மட்டமாகக் கட்டியது அதுதான் முதல் தடவை. கை கூசியது. ஆனாலும் கட்டினார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வெளியே எடுத்தார்கள். கல்குவாரிக்குப் போகிற பழைய ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. அவள் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில். பெல்ட்டை அவரே இழுத்து மாட்டிவிட்டார். அவள் இடது காலை இரண்டு தடவை கிளச்சில் அமுக்கிப் பார்த்துக்கொண்டாள். அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் கியர், இரண்டாவது கியர். அவள் மிதித்தாள்.

என்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளின மாதிரி வண்டி பாய்ந்தது. என்ஜின்காரருக்குத் தலை சீட்டில் போய் முட்டியது. மூன்றாவது கியரிலும் அதே பாய்ச்சல், எங்கே மிதித்தாலும் பாய்ச்சல். தூக்கமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. சாதுவாக இருக்க வேண்டிய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வேகத்துக்குப் பயந்து அல்ல. தான் செய்தது என்னவோ, நடந்தது என்னவோ என்று புரியாமல் வந்த பயம்.

குவாரி வாசலில் வண்டியை நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை. அது கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

"ம்."

"எந்த கேம் போட்டிருக்கீங்க?"

பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி அந்த வாயிலிருந்து வந்ததில்லை. அவர் டாஷ்போர்டில் ஒரு தூசியைத் தேய்த்தார்.

"சின்னது."

"நீங்களா? சின்னது போட்டீங்களா?" அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு, இதுதான் இதுக்குச் சரியா வரும்னு?"

அங்கே ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்கு வழியே அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது, மறைக்க மட்டும்தான் வரும்.

"தெரியாது. வண்டி மெதுவாப் போகும்னு நினைச்சுப் போட்டேன்."

அவள் என்ஜினை அணைத்தாள். குவாரியில் தேங்கிய மழைத்தண்ணீரில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"மெதுவாப் போறதுக்கு."

"ஆமா."

"என்கிட்ட சொல்லாம."

"என்ஜின் என்னோடதுதானே."

"என்ஜின் உங்களோடது, சரி. என் வேகம் யாரோடது?" அவள் குரல் உயரவே இல்லை. "எட்டு மாசம் சுவரைப் பிடிச்சு நடந்தேன். என்ன நெனச்சு நடந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா? நான் போய் அங்க மிதிப்பேன், வண்டி போகாது. காலுல தெம்பில்ல, வயசாயிடுச்சு, எனக்கு இனிமே வராதுன்னு நெனச்சுக்கிட்டு இறங்கி வந்திருப்பேன். அப்பவும் சொல்லியிருக்க மாட்டீங்கல்ல?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. அவள் உயிரோடு திரும்பி வருவதுவரைதான் யோசித்திருந்தார். திரும்பி வந்த பிறகு எந்த முகத்தோடு வருவாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னா நீ போகாம இருந்துடுவே."

உண்மை அதுதான் என்று இருவருக்கும் தெரியும். வண்டியைத் திருப்பி, பஸ் ஓட்டுகிற வேகத்தில் வீட்டுக்கு ஓட்டிவந்தாள்.

இரண்டு நாள் பேச்சு இல்லை. அடுப்பு எரிந்தது, அது ஒரு முன்னேற்றம். முட்டை பொரித்து, ரொட்டி சுட்டு, தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "உப்பு கம்மி" என்று அவரும் சுவரைப் பார்த்தே சொன்னார். "கம்மியாப் போடறதுதான் இந்த வீட்டு வழக்கமாயிருக்கு" என்று பதில் வந்தது. அவர் அப்புறம் உப்பைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாணை வந்தான். அக்கா பஸ்ஸுக்குப் போயிருந்தாள். வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தான்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன், வாயை அடைச்சீங்க. இப்பவாவது கேளுங்க. காத்து உள்ள வர்ற வால்வு ஒரு கதவு, புகை வெளிய போற வால்வு ஒரு கதவு. பெரிய கேம்ல கொஞ்ச நேரம் ரெண்டு கதவும் ஒண்ணாத் திறந்திருக்கும். சரியா?"

"இது எனக்குத் தெரியாதா?"

"தெரியும். சாதா என்ஜின்ல அது நல்லது, மேல போகப்போக நல்லா மூச்சு வாங்கும். டர்போவுல புகை போற வழியில காத்தாடி குறுக்க நிக்குது மாமா. வெளிய போக முடியாத புகை என்ன பண்ணும்? திறந்திருக்கிற இன்னொரு கதவு வழியாத் திரும்பி உள்ள வந்துடும். புதுக் காத்துக்கு இடமில்ல. பெரிய கேம் போட்டிருந்தீங்கன்னா வண்டி அஞ்சாயிரம் வரைக்கும் கொட்டாவி விட்டிருக்கும்."

என்ஜின்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப மெதுவாப் போகணும்னா..."

"பெரிசைப் போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாணை சிரித்தான். மாமா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "அக்கா ரொம்பத் திட்டிச்சா?"

"திட்டல."

"அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லி, செம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போனான்.

அவர் அலமாரியிலிருந்து பெரிய ஜோடியை எடுத்தார். என்ஜினின் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே சின்ன கேம் இரண்டும் எண்ணெய் மினுக்கத்தோடு கிடந்தன. பெரிய ஜோடியை மேஜைமேல் விரித்த துணியில் வைத்தார். இப்போது அவருக்கு உண்மை தெரியும். நிஜமாகவே அவளை மெதுவாக்க வேண்டுமென்றால் அதற்கான சாமான் இதோ கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. மாற்ற இரண்டு மணி நேரம் போதும். சும்மா சொல்லக் கூடாது, அவர் கை அதைத் தொட்டது. தொட்டு, எடுத்து, எடை பார்த்தது.

பஸ்ஸை விட்டுவிட்டு வந்தவள் நேராகக் கொட்டகைக்கு வந்தாள். திறந்து கிடக்கிற என்ஜினையும் அவர் கையில் இருக்கிற தண்டையும் பார்த்தாள். கவிழ்த்துப் போட்ட டிரம்மில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தொடையைக் கையால் நீவிவிட்டுக்கொண்டாள்.

"தம்பி எனக்கும் ஃபோன் பண்ணினான்" என்றாள்.

"சொன்னானா?"

"ரெண்டு கதவு, புகை, எல்லாம் சொன்னான்." நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். "நான் ஒண்ணு சொல்லணும். என்ஜினைப் பத்தித்தான். சொல்லலாமா?"

அவர் தண்டைக் கீழே வைத்தார். "சொல்லு."

"போன வருஷ வண்டியில நீங்க போட்டிருந்தது பெரிய கேம். ஆறாயிரத்துக்குக் கீழ வந்தா வண்டி படுத்துடும். மறுபடி எழுப்பறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். அதனால எந்த வளைவுலயும் நான் பிரேக்கை நல்லா மிதிக்க மாட்டேன். வேகத்தை விடாமத்தான் உள்ள போவேன். நாலாவது வளைவுல மணல் கிடந்தது. தூரத்துலயே பாத்தேன். மிதிச்சிருக்கலாம். மிதிச்சா வண்டி படுத்துடும்னு மிதிக்கல."

தகரத்தில் ஒன்றிரண்டு தூறல் விழுந்தது.

"பந்தயத்துக்கு முந்தியே தெரியும் எனக்கு. ஓட்டிப் பாத்தப்பவே தெரியும், இந்த கேம் இந்த மலைக்கு ஆகாதுன்னு. என்ஜினைப் பத்திப் பேசக் கூடாதேன்னு பேசல."

அவர் நின்றுகொண்டே இருந்தார். எட்டு மாதம் அவளைக் கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போனவர், கட்டுப் பிரித்துத் துடைத்தவர், வலிக்குதா வலிக்குதா என்று ஆயிரம் தடவை கேட்டவர். இந்த ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கிரீஸ் கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது.

"நான் கட்டின என்ஜின்தான் உன்னை..."

"இதுக்குத்தான் சொல்லல" என்று அவள் அதட்டினாள். அப்புறம் குரலை இறக்கினாள். "மிதிக்காதது நான். அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நானும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த வளைவு தினமும் கண்ணுல வருது. அதுக்காகத்தான் போகணும்ங்கறேன், கோப்பைக்கா? உங்க நட்டு போல்ட்டைப் போட்டு வைக்க இன்னொண்ணு எதுக்கு?"

அவருக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவள் முந்தானையால் அவர் முகத்துக் கறுப்பைத் துடைத்தாள். அது இன்னும் பரவத்தான் செய்தது.

"எந்த கேம் வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

கேட்கப்பட்ட கேள்வியை ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இருக்கிறதே இருக்கட்டும். வளைவுல நல்லா மிதிச்சு நிதானமாப் போனாலும், திரும்பினதும் உடனே எழுந்துக்குது. அதுதான் எனக்கு வேணும்."

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மூடியை வைத்து, நடுப் போல்ட்டிலிருந்து ஆரம்பித்து, இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்கிக்கொண்டே போனார். அவள் விளக்கைப் பிடித்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நானும் ஒண்ணு கேக்கறேன்" என்றாள்.

"கேளு."

"நாலாவது வளைவை எப்படி எடுக்கட்டும்?"

அவர் ஸ்பானரை நிறுத்தினார். பத்தொன்பது வருஷமாக அடிவாரத்தில் நின்று உதட்டோடு எண்ணினதும், சொல்லாமல் விழுங்கினதும் எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"மெதுவா."

"சரிங்க" என்றாள் அவள். "மெதுவாவே எடுக்கறேன்."